ஒரு கோடுதான் தெரிகிறது... அப்படியென்றால் கர்ப்பம் இல்லையா?

கோவிட் காலத்து ஏஆர்டி கருவி ஞாபகம் இருக்கா? மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றி, சொட்டு விட்டு, 15 நிமிடம் காத்திருந்து, ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்த்தோமே, கிட்டத்தட்ட அதே தொழில்நுட்பம்தான் சிறுநீர்வழி கர்ப்பப் பரிசோதனையிலும் இருக்கிறது.

ஏஆர்டி நமக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. இன்று ஒரு கோடு வரும், நாளை இரண்டு வரும். "நேத்து நெகட்டிவ்னு காட்டிச்சே" என்று சொல்லிவிட்டு எல்லாரும் அடுத்த வேலையைப் பார்த்தோம். கருவி சில நேரம் தவறவிடும் என்பது நமக்குப் பழகிப்போனது.

கர்ப்பப் பரிசோதனை விஷயத்தில் மட்டும் அந்தப் பழக்கம் நமக்கு வரவில்லை. ஒரு கோடு என்றால் கர்ப்பம் இல்லை, விஷயம் முடிந்தது என்று நினைக்கிறோம். வீட்டில் மட்டுமல்ல, சில நேரங்களில் மருத்துவமனையிலும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

உண்மையில் அந்த ஒற்றைக் கோடு சொல்வது இவ்வளவுதான்: "இந்தச் சிறுநீரில், இந்த நேரத்தில், இந்தக் கருவியால் அந்த ஹார்மோனைப் பிடிக்க முடியவில்லை." அதற்கும் "நீங்கள் கர்ப்பமாக இல்லை" என்பதற்கும் இடையில் ஓர் இடைவெளி இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அந்த இடைவெளியால் எந்தப் பாதிப்பும் இல்லை. சிலருக்கு அது உயிர் போகும் விஷயமாகிவிடலாம்.

மருத்துவமனையில் ஏன் கேட்கிறார்கள்?

வயிற்றுவலி என்று அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறீர்கள். தாதி ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கையில் கொடுத்து, "சிறுநீர் கொஞ்சம் வேண்டும்" என்கிறார். "எனக்கு வயிறுதானே வலிக்குது, இது எதுக்கு?" என்று தோன்றும்.

காரணம் எளிது. பிள்ளை பெறக்கூடிய வயதில் இருக்கும் பெண்ணுக்கு வயிற்றுவலி என்றால், அது குடல்வால் அழற்சியா, சிறுநீர்ப்பாதைத் தொற்றா, கர்ப்பம் தொடர்பானதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சிகிச்சையின் போக்கே அதைப் பொறுத்து மாறும். சிடி ஸ்கேன் எடுக்கலாமா, மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்யலாமா, எந்த மருந்தைக் கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான்.

மருந்துகளில் சில கருவுக்கு மிக ஆபத்தானவை. கடுமையான முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினோயின், வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட், மூட்டுவாதத்துக்கும் வேறு சில நோய்களுக்கும் பயன்படும் மெத்தோட்ரெக்ஸேட் ஆகியவை அந்த வகை. முகப்பருவுக்காகத் தோல் மருத்துவரிடம் போனவரிடம் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொன்னால், அது அவருடைய நடத்தையைப் பற்றிய சந்தேகம் இல்லை. மருந்தைப் பற்றிய பயம்.

ஆக, மருத்துவமனையில் அந்தச் சோதனை பெரும்பாலும் வேறொரு முடிவுக்கு முன்னால் திறக்கப்படும் கதவு. அது தவறாகத் திறந்துவிட்டால், பின்னால் வரும் எல்லாமே தவறான பாதையில் போகலாம்.

கோடு எப்படித் தோன்றுகிறது?

கரு கருப்பைச் சுவரில் பதியும்போது எச்சிஜி என்ற ஹார்மோன் சுரக்கத் தொடங்குகிறது. அது ரத்தத்தில் கலந்து, பிறகு சிறுநீரிலும் வருகிறது. (1930களிலிருந்து சில பத்தாண்டுகளுக்கு இதைக் கண்டுபிடிக்கத் தவளையைப் பயன்படுத்தினார்கள். பெண்ணின் சிறுநீரைத் தவளைக்குள் ஊசி மூலம் செலுத்தினால், எச்சிஜி இருக்கும்பட்சத்தில் அது ஒரு நாளுக்குள் முட்டையிடும்! மருந்துக்கடையில் பெட்டி வாங்கும் நமக்கு அது கதைபோல இருக்கிறது.)

இன்றைய கருவியில் தவளைக்குப் பதில் ஆண்டிபாடி என்ற புரதங்கள் இருக்கின்றன. அவை குறிப்பிட்ட ஒன்றை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்ளும். கருவிக்குள் இரண்டு வகை ஆண்டிபாடிகள் உண்டு. ஒன்று நிறம் பூசப்பட்டு, சிறுநீரோடு சேர்ந்து நகரும். மற்றொன்று கோடு தெரிய வேண்டிய இடத்தில் அசையாமல் ஒட்டியிருக்கும்.

எச்சிஜியை இரண்டு கை உள்ள ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் அது நிறமுள்ள ஆண்டிபாடியைப் பிடிக்கிறது. மறு கையால் ஒட்டியிருக்கும் ஆண்டிபாடியைப் பிடிக்கிறது. மூவரும் கைகோத்து நின்றால், நிறம் அந்த இடத்தில் தங்கும். அதுதான் கோடு.

இந்தக் கைகோப்பு மனசில் இருக்கட்டும். மருத்துவமனையில் நடக்கும் மிக விநோதமான தவற்றைப் புரிந்துகொள்ள அதுதான் தேவை.

சீக்கிரமாகச் சோதித்தால்

முதலில் எல்லாருக்கும் தெரிந்த காரணம். ஹார்மோன் இன்னும் போதிய அளவு வரவில்லை.

மருத்துவமனைகளில் பயன்படும் சிறுநீர்க் கருவிகள் பலவற்றுக்கு, ஒரு மில்லிலிட்டரில் 20 அல்லது 25 மில்லி அலகு எச்சிஜியாவது இருக்க வேண்டும். கரு பதிந்த பிறகு அந்த அளவு ஏறக்குறைய இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை இருமடங்காகும். பதிவதற்கு முன் சோதித்தால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியாலும் பிடிக்க முடியாது. பிடிக்க ஒன்றுமே இல்லையே.

"மாதவிலக்கு தள்ளிப்போன அன்றே சோதிக்கலாம்" என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வில்காக்ஸும் அவருடைய குழுவினரும் 2001ல் வெளியிட்ட ஆய்வு அதைக் கொஞ்சம் தட்டிக் கேட்டது. மாதவிலக்கு வர வேண்டிய நாளன்று, ஏறத்தாழ 10 விழுக்காட்டுக் கர்ப்பங்களில் கரு இன்னும் பதியவே இல்லை என்று அவர்கள் கண்டார்கள். அதாவது, பெட்டியில் "99 விழுக்காடு துல்லியம்" என்று எழுதியிருந்தாலும், அந்த நாளில் அது எல்லாருக்கும் பொருந்தாது. அந்த 99 ஆய்வுக்கூட நிலைமைகளுக்கு உரிய எண்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் சோதித்துப் பார்க்க வீட்டில் இருப்பவரால் முடியும். அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவருக்கு அந்த ஒரு வாரம் கிடையாது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்

"காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீர்" என்று கருவியோடு வரும் தாளில் சொல்லியிருப்பார்கள். இரவு முழுக்கத் தேங்கியிருப்பதால் ஹார்மோன் அதில் அடர்த்தியாக இருக்கும்.

மருத்துவமனையில் அது எங்கே நடக்கிறது? நோயாளி பிற்பகல் 3 மணிக்கு வருவார். வாந்தியெடுத்துக் களைத்திருப்பார். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும். அல்லது ஸ்கேனுக்காக, "மூத்திரப்பை நிரம்பணும், நிறையத் தண்ணி குடிங்க" என்று சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு வரும் சிறுநீர் கிட்டத்தட்டத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். அதில்தான் சோதனை.

கர்ப்பம் நன்றாக வளர்ந்திருந்தால் இது பெரிய பிரச்சினை இல்லை. நீர்த்தாலும் ஹார்மோன் மிஞ்சும். தொடக்க நாள்களில், 30, 40 அலகு இருக்க வேண்டிய இடத்தில் 10 ஆகக் குறைந்துவிட்டால் கோடு வராது. சிறுநீர் மிக நீர்த்திருக்கிறதா என்பதை அதன் அடர்த்தியை அளந்து கண்டுபிடிக்கலாம். அதே சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் பட்டையிலேயே அந்த அளவும் இருக்கும். கேட்டால் யாராவது பார்ப்பார்கள். கேட்காவிட்டால், அவசரத்தில் அது விடுபட்டுப்போகலாம்.

அதிகமாக இருந்தாலும் கோடு வராது!

இனிதான் விநோதம்.

மேலே சொன்ன கைகோப்புக்குத் திரும்புங்கள். ஹார்மோன் அளவுக்கு மீறி வெள்ளமாக வந்தால் என்ன ஆகும்? நிறமுள்ள ஒவ்வோர் ஆண்டிபாடியின் கையையும் ஒரு ஹார்மோன் பிடித்துக்கொள்ளும். ஒட்டியிருக்கும் ஒவ்வோர் ஆண்டிபாடியின் கையையும் வேறொரு ஹார்மோன் பிடித்துக்கொள்ளும். ஆளுக்கொரு ஜோடி கிடைத்துவிட்டது. மூவர் சேர்ந்து நிற்க யாருக்கும் கை காலியில்லை. நிறமுள்ள ஆண்டிபாடிகள் தங்காமல் கடந்து போய்விடும். கோடு இல்லை!

இதை "ஹூக்" விளைவு என்கிறார்கள். அளவுகளை வரைபடமாக வரைந்தால், ஏறிக்கொண்டே போன கோடு ஒரு கட்டத்தில் கொக்கிபோல வளைந்து கீழே இறங்குவதால் அந்தப் பெயர்.

சாதாரணக் கர்ப்பத்தில் முழு ஹார்மோன் அந்த அளவுக்குப் போவது அரிது. முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று சொல்லப்படும் நிலையில் போகலாம். நஞ்சுக்கொடித் திசு முறையற்று வளர்ந்து திராட்சைக்கொத்துபோல் ஆகும் நிலை அது. அதில் எச்சிஜி 500,000 அலகையும் தாண்டலாம். உடம்பில் ஹார்மோன் வெள்ளம் ஓடிக்கொண்டிருக்க, சிறுநீர்க் கருவி "ஒன்றுமில்லை" என்று சொல்வது உலக மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவான ஒன்று.

அது அரிய நோய் என்பதால், "நமக்கு எதுக்கு" என்று கடந்து போய்விடலாம். ஆனால் அதன் தம்பி ஒருவன் இருக்கிறான். அவன் முற்றிலும் ஆரோக்கியமான கர்ப்பத்திலும் வருவான்.

செயின்ட் லூயிஸில் கண்டுபிடித்தது

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரம் இருக்கிறது. அங்குள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் (தலைநகர் வாஷிங்டனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) ஆன் க்ரோனோவ்ஸ்கி என்ற ஆய்வுக்கூட மருத்துவ நிபுணரின் குழு ஒரு புதிரை ஆராய்ந்தது. கர்ப்பிணி என்று தெளிவாகத் தெரிந்த பெண்களின் சிறுநீர், மருத்துவமனைக் கருவியில் நெகட்டிவ் என்று வந்தது. அவர்கள் கர்ப்பத்தின் முதல் சில நாள்களில் இருந்தவர்கள் அல்லர். பல வாரம் தாண்டியவர்கள். கோடு பளிச்சென்று வந்திருக்க வேண்டும்.

2009ல் அவர்கள் வெளியிட்ட விளக்கம் இது. எச்சிஜி உடம்பிலிருந்து வெளியேறும்போது முழுசாகவே வருவதில்லை. சிறுநீரகம் அதை உடைத்து, ஒரு சிறு துண்டாகவும் வெளியே அனுப்புகிறது. அதற்கு "பீட்டா கோர்" துண்டு என்று பெயர். கர்ப்பம் சில வாரங்களைத் தாண்டியதும், சிறுநீரில் முழு எச்சிஜியைவிட இந்தத் துண்டுதான் அதிகமாக இருக்கும்.

அதனால் என்ன? சில கருவிகளில் இருக்கும் இரண்டு ஆண்டிபாடிகளில் ஒன்று இந்தத் துண்டையும் எச்சிஜி என்று நினைத்துப் பிடித்துக்கொள்கிறது. மற்றொன்றுக்கு இந்தத் துண்டை அடையாளம் தெரியாது. துண்டுக்கு ஒரே ஒரு கைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பக்கத்து ஆண்டிபாடியைப் பிடித்துக்கொண்டு, மறுபக்கம் யாரையும் சேர்க்காமல் நின்றுவிடுகிறது. இப்படி ஒற்றைக் கை துண்டுகள் கூட்டமாக வந்து எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டால், இரண்டு கையோடு வரும் முழு ஹார்மோனுக்கு இடமே இல்லை. கோடு மங்குகிறது, அல்லது வராமலே போகிறது.

கர்ப்பத்தின் 8 முதல் 12 வாரம் வரை உள்ள காலத்தில்தான் இதற்கு வாய்ப்பு அதிகம். அப்போதுதான் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். வீட்டில் சோதிப்பவர்கள் பெரும்பாலும் மாதவிலக்கு தள்ளிப்போன ஒன்றிரண்டு வாரத்துக்குள் சோதித்துவிடுவார்கள். அப்போது இந்தத் துண்டு பெரிய தொல்லை தராது. மருத்துவமனைக்கு வருபவரோ எந்த வாரத்திலும் இருக்கலாம். மாதவிலக்கு ஒழுங்காக வராதவர், லேசான ரத்தக்கசிவை மாதவிலக்கு என்று நினைத்தவர், தான் கர்ப்பம் என்று தெரியாமலே பத்தாவது வாரத்தில் இருப்பவர்... இவர்கள் எல்லாரும் அங்கேதான் வருகிறார்கள். இந்தப் பிரச்சினை மருத்துவமனைகளில் தலைகாட்டியதற்கு அதுதான் காரணம்.

அதே பல்கலைக்கழகக் குழு 2014ல் இன்னொரு வேலை செய்தது. மருத்துவமனைகளில் பயன்பட்ட 11 கருவிகளை எடுத்து, இந்தத் துண்டால் எவை ஏமாறுகின்றன என்று சோதித்தது. 2 கருவிகள் மிக மோசமாக ஏமாந்தன. 7 ஓரளவு ஏமாந்தன. 2 மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. மிக மோசமான கருவி, கர்ப்பிணிகளின் சிறுநீர் மாதிரிகளில் ஏறக்குறைய 5 விழுக்காட்டை நெகட்டிவ் என்று காட்டியது.

நூற்றில் 5 என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். ஒரு பெரிய மருத்துவமனையில் ஓராண்டில் எத்தனை பேருக்கு இந்தச் சோதனை நடக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அது சின்ன எண் இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த 2 நல்ல கருவிகளைத்தான். அதாவது, சரியான ஆண்டிபாடிகளைத் தேர்ந்தெடுத்தால் இந்தத் தவற்றைத் தவிர்க்க முடியும் என்று நிரூபணமாகிவிட்டது. அப்புறம் அது கருவியைத் தயாரிப்பவரும், அதை வாங்கும் மருத்துவமனையும் எடுக்க வேண்டிய முடிவு. இப்போது சில தயாரிப்பாளர்கள் இந்தத் துண்டை வைத்தும் சோதித்துப் பார்த்து, விவரத்தாளில் அதைக் குறிப்பிடுகிறார்கள். வாங்குபவர் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். விலையை மட்டும் பார்த்து வாங்கும் பொருள் அல்ல இது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். இந்த வகைத் தவற்றில், சிறுநீரில் தண்ணீர் கலந்து மறுபடி சோதித்தால் கோடு தோன்றிவிடும்! துண்டுகளின் கூட்டம் குறைந்து, முழு ஹார்மோனுக்கு இடம் கிடைப்பதால். தொடக்க நாள்களில் கோட்டை மறைக்கும் அதே தண்ணீர், பத்தாவது வாரத்தில் கோட்டை வரவழைக்கிறது. ஆய்வுக்கூடங்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகின்றன.

"அப்போ நானும் வீட்டில் தண்ணி கலந்து பார்க்கிறேன்" என்று கிளம்பிவிடாதீர்கள். டிக்டாக்கில் இப்படிப்பட்ட காணொளிகள் நிறைய உலவுகின்றன. நீங்கள் எந்த வாரத்தில் இருக்கிறீர்கள் என்று தெரியாத நிலையில் தண்ணீர் கலந்தால், இருக்கிற கோடும் போய்விடலாம். சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்க நேரான வழி இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மனிதர்கள் செய்யும் தவறுகள்

எல்லாப் பழியையும் ஆண்டிபாடி மேல் போட முடியாது. கருவியை 3 முதல் 5 நிமிடம் கழித்துப் படிக்க வேண்டும் என்று தாளில் இருக்கும். கூட்டம் நிரம்பிய இரவு நேரத்தில், ஒருவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டு "நெகட்டிவ்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். மங்கலான கோடும் கோடுதான். வெளிச்சம் குறைந்த மூலையில் அது கண்ணில் படாது. குளிர்பெட்டியில் வைத்த சிறுநீரை அறை வெப்பநிலைக்கு வருவதற்குள் சோதிப்பது, காலாவதியான பெட்டி, வெயிலில் கிடந்த பெட்டி, ரத்தம் கலந்து கலங்கிய மாதிரி, இரண்டு கிண்ணங்களின் பெயர்ச்சீட்டு மாறிப்போவது என்று பட்டியல் நீளும்.

இவற்றில் எதுவும் மர்மம் இல்லை. நேரம் குறித்தல், இரண்டாவது ஆள் பார்த்தல், கருவியைப் படித்ததும் உடனே கணினியில் பதிதல் போன்ற சாதாரண ஒழுங்குகளால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எதைத் தவறவிட்டால் ஆபத்து?

கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில், கரு வளரத் தொடங்கும் நிலை ஒன்று உண்டு. கர்ப்பங்களில் நூற்றில் ஒன்று அல்லது இரண்டு இப்படி ஆகிறது. அந்தக் குழாய் குழந்தை வளரும் இடம் அல்ல. ஒரு கட்டத்தில் அது கிழிந்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். நேரத்தோடு தெரிந்தால் மருந்தாலோ சிறு அறுவை சிகிச்சையாலோ சமாளிக்கலாம். தெரியாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கர்ப்பங்களில் பல நேரம் எச்சிஜி வழக்கத்தைவிடக் குறைவாகவும் மெதுவாகவும் ஏறும். அதாவது, யாருக்குச் சோதனை கட்டாயம் சரியாக வர வேண்டுமோ, அவருடைய சிறுநீரில்தான் ஹார்மோன் எல்லைக்கோட்டுக்கு அருகில் இருக்க வாய்ப்பு. அதோடு டிரிப்பில் ஏறிய தண்ணீரும் சேர்ந்தால், கோடு காணாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

ஆகவே, அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம், விட்டுவிட்டு ரத்தக்கசிவு ஆகியவை இருந்து சிறுநீர்ச் சோதனை நெகட்டிவ் என்று வந்தால், அனுபவமுள்ள மருத்துவர்கள் அதோடு நிறுத்த மாட்டார்கள். ரத்தம் எடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை 5 அலகு அளவிலேயே எச்சிஜியைக் காட்டிவிடும். தண்ணீர் குடித்திருந்தாலும் அது அதிகம் பாதிக்கப்படாது. பீட்டா கோர் துண்டு ரத்தத்தில் பெரும்பாலும் இருக்காது என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை. "கோடு இருக்கா, இல்லையா" என்பதற்குப் பதில், எண் கிடைக்கும். தேவைப்பட்டால் 48 மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்து, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கலாம்.

அப்படியானால் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனையே செய்யலாமே? செலவும் நேரமும் இருக்கின்றன. சிறுநீர்க் கருவி ஐந்து நிமிடத்தில் சொல்லும். ஆய்வுக்கூடத்திலிருந்து ரத்தத்தின் முடிவு வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். பெரும்பாலான நேரம் சிறுநீர்க் கருவி சரியாகத்தான் சொல்கிறது. அதனால் அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. உடம்பு சொல்வதும் கருவி சொல்வதும் ஒத்துப்போகாதபோது, கருவியை நம்பி உடம்பைச் சந்தேகிக்கக் கூடாது.

அம்மா பக்கத்தில் நிற்கும்போது

இது எந்த விவரத்தாளிலும் வராத காரணம்.

"கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்கிறார். பக்கத்தில் அம்மா நிற்கிறார். சில நேரம் அப்பாவும், பெரியம்மாவும். 20 வயதுப் பெண் என்ன பதில் சொல்வார்? "இல்லை டாக்டர்." வேறு பதில் அந்த அறையில் சாத்தியமே இல்லை.

அந்த "இல்லை"யும் கருவியின் "இல்லை"யும் ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதுபோல் தோன்றும். இரண்டு சாட்சி கிடைத்துவிட்டது என்று மருத்துவக் குழு நிம்மதியாகும். உண்மையில் ஒரு சாட்சி பயத்தில் பேசினார். மற்றொரு சாட்சிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

மருத்துவர்களும் தாதியரும் இதை நன்றாக அறிந்தவர்கள். கேள்வியைத் தனியாகக் கேட்பது நல்ல நடைமுறை. அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே, "உங்ககிட்ட கொஞ்சம் தனியா பேசணும்" என்று சொல்லலாம். சிறுநீர் எடுக்கக் கழிவறைக்குப் போகும்போது தாதியிடம் சொன்னாலும் போதும். கடைசி மாதவிலக்கு எப்போது, அது வழக்கம்போல இருந்ததா, இல்லை லேசாகக் கசிந்து நின்றதா என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒரு தகவல், கருவி தவறவிட்டதை மருத்துவர் பிடிக்க உதவும்.

மாத்திரை சாப்பிட்டால் மாறுமா?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கருத்தடை மாத்திரையோ ஆண்டிபயாட்டிக்கோ எச்சிஜியை மறைக்காது.

முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று பலர் சாப்பிடும் பயோட்டின் வைட்டமின் கொஞ்சம் வேறு கதை. அதை அதிக அளவில் எடுத்தால், பயோட்டினைப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் கொண்ட சில பரிசோதனைகள், குறிப்பாக ஆய்வுக்கூடத்தில் நடக்கும் ரத்தப் பரிசோதனைகள், தவறான எண்ணைத் தரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017ல் எச்சரித்தது. "அது வெறும் கம்மி மிட்டாய்தானே" என்று நினைக்காமல், மருத்துவர் என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

மருத்துவமனையில் நெகட்டிவ் என்று சொன்ன பிறகும் மாதவிலக்கு வரவில்லை, குமட்டல் இருக்கிறது, மார்பு கனக்கிறது, வலி குறையவில்லை என்றால், "ரத்தத்தில் எச்சிஜி பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. சிடி ஸ்கேனோ, அறுவை சிகிச்சையோ, மேலே சொன்ன வகை மருந்தோ தொடங்கப்போகிறார்கள் என்றால் அந்தக் கேள்விக்கு இன்னும் அதிக நியாயம் உண்டு. "நிறையத் தண்ணி குடிச்சேன்", "டிரிப் ஏத்தின பிறகுதான் சிறுநீர் கொடுத்தேன்" என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் சோதித்து நெகட்டிவ் என்று வந்திருந்தால், ஒரு வாரம் கழித்துக் காலை முதல் சிறுநீரில் மறுபடியும் சோதியுங்கள். இரண்டாவது முறையும் நெகட்டிவ் என்று வந்து, மாதவிலக்கும் வராவிட்டால் பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகலாம். மாதவிலக்கு தள்ளிப்போக மன அழுத்தம், உடல் எடை மாற்றம், தைராய்டு, கருமுட்டைப்பைக் கட்டிகள் என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. அவையும் பார்க்க வேண்டியவைதான்.

ஒரே ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கவே வேண்டாம். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று கடுமையான வலி, தலைசுற்றி விழுவதுபோன்ற உணர்வு, தோள்பட்டை நுனியில் காரணம் இல்லாத வலி. வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்தும்போது வலி தோளில் தெரியும். கருவியில் ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், சிங்கப்பூரில் 995ஐயும் மலேசியாவில் 999ஐயும் அழையுங்கள்.